நான்கு தாடைச் சக்கு

பீன்யாவைச் சுற்றி நாங்கள் நான்கு பேர்.
பேர் என்றால் ஆட்கள் அல்ல, பயிற்சி மையங்கள்.

லக்கெரே மையத்தில் சி.என்.சி. மெஷின் இருந்தது,
பாலிதீன் உறைகூடப் பிரிக்காமல் பதினான்கு மாதம்.
அதை ஓட்டத் தெரிந்த பசவலிங்கப்பா
எங்கள் ராஜகோபால நகரில்
மூன்று கிழட்டு லேத்துகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.
ஜாலஹள்ளிக் கன்னியர் மையத்தில் இருபத்தாறு பெண்கள்.
வரைபடம் வாசிப்பார்கள், வெர்னியர் வாசிப்பார்கள்,
கடைய ஒரு முழ இரும்பு கிடையாது.
நெலமங்கலத்தாரிடம் வேன் இருந்தது.
ஏறத்தான் யாருமில்லை.

கம்பெனிக்காரர்கள் நால்வருக்கும்
ஒரே கடிதத்தைத்தான் அனுப்பினார்கள்:
ஆள் வேண்டும்.
வேலை தெரிந்த ஆள் வேண்டும்.

முதல் கூட்டம் ஆகஸ்டில்.
நான் ஸ்டோர் கீப்பர்.
டீயும் மினிட்ஸும் என் தலையில்.
காரா பன் தீரும்வரை ஒற்றுமையைப் பேசினார்கள்,
தீர்ந்ததும் இன்சூரன்ஸைப் பேசினார்கள்.
டூல் உடைந்தால் யார் கணக்கு?
வேனுக்கு டீசல்?
பெண்கள் வந்தால் கழிவறைக்குத் தாழ்ப்பாள் எங்கே?
நாங்கள் வளர்த்த பையன்
உங்கள் பெயரில் வேலைக்குப் போனால்?
சிலர் 'ஆகல்ல' என்றார்கள் கன்னடத்தில்,
சிலர் 'பார்க்கலாம்' என்றார்கள் தமிழில்.
மினிட்ஸில் இரண்டுக்கும்
ஒரே சொல்லைத்தான் எழுதினேன்.

இரண்டாம் கூட்டமும் அப்படியே.
மூன்றாவதில் மழை பிடித்துக்கொண்டது.
மின்சாரம் போயிற்று.
தும்கூர் ரோட்டில் பஸ்கள் தண்ணீரில் நின்றன,
எழுந்து போக வழியில்லை.
சும்மா இருக்கத் தெரியாத பசவலிங்கப்பா
கோணல்மாணலான ஒரு வார்ப்பை எடுத்து
லேத்தில் மாட்டத் தொடங்கினார்,
என் செல்போன் வெளிச்சத்தில்.

'மூன்று தாடைச் சக்கில் மாட்டினால்
ஒரே திருகில் முடியுமே' என்றார் லக்கெரே முதல்வர்.
'உருண்டை ஜாப் என்றால் முடியும் சார்.
இது உருண்டை இல்லை.'

நான்கு தாடை, நான்கு திருகு.
ஒன்றைத் தளர்த்தினார், எதிர்த் தாடையை இறுக்கினார்.
கையால் சுற்றி டயல் முள்ளைப் பார்த்தார்.
மறுபடி தளர்த்தினார்.
முள்ளின் ஆட்டம் சுருங்கச் சுருங்க
நாற்காலிகள் ஒவ்வொன்றாக நகர்ந்து வந்தன.
நாற்பது நிமிடம்.
யாரும் உவமை சொல்லவில்லை.
சொல்லியிருந்தால்
மழையென்றும் பாராமல் நான் கிளம்பியிருப்பேன்.

சிஸ்டர் பெனிட்டாதான் முதலில் பேசினார்:
'தாழ்ப்பாளை நான் வாங்கித் தருகிறேன்.
செவ்வாயும் வியாழனும் பெண்கள் வருவார்கள்.'
நெலமங்கலம் ரியாஸ் பாஷா தொண்டையைச் செருமினார்:
'டீசல் பாதி.'

மூன்றாம் வாரம் தபஸ்ஸும் ஊட்ட வேகத்தைத் தப்பாகக் கொடுத்தாள்.
டக்.
கார்பைடு நுனி தெறித்து எங்கோ போயிற்று.
மெஷின் லக்கெரேயுடையது,
பெண் ஜாலஹள்ளி,
பக்கத்தில் நின்றவர் எங்கள் ஆள்.
எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

ரிஜிஸ்டரில் நான்கு பத்திகள்.
ஸ்கேலை வைத்து ஐந்தாவது கோடு போட்டேன்.
தலைப்பு எழுதவில்லை.
இன்றைக்கு அந்தப் பத்தியில்
பதினொரு நுனிகள், ஒரு டயல் கேஜ்,
இரண்டாவது முறை வாங்கிய தாழ்ப்பாள்.
ஆடிட்டர் மார்ச்சில் வருவார்.
என்ன சொல்வதென்று இன்னும் யோசிக்கவில்லை.

சான்றிதழில் முத்திரைக்கு ஓரிடம்தான்.
அதைப் பற்றி ஐந்து கூட்டம் ஆகிவிட்டது,
ஆறாவதற்கும் காரா பன் சொல்லியாயிற்று.
அதற்குள் பிப்ரவரியில்
தபஸ்ஸும் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள்.

கம்பெனியிலிருந்து போன்.
'பயின்ற இடம் என்ற கட்டத்தில்
பொடி எழுத்தில் நான்கு பெயர் எழுதியிருக்கிறாள்.
நான்காவது கட்டத்தைத் தாண்டி
ரத்த வகைக்குள் போய்விட்டது.
இதில் எது சரி, மேடம்?'

ரத்த வகையை மட்டும்
அவளிடம் மறுபடி கேட்டுக்கொள்ளுங்கள் என்றேன்.